சைக்கிளில் பூக்கூடை எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் மகளோடு கோலாலம்பூரில் ஓர் ஓவியக்கூடத்துக்குப் போயிருந்தேன். உடம்பில் தங்கிப்போன ரப்பர் தோட்டக் காலத்தைப் பற்றிய கண்காட்சி. ரப்பர் பாலையே அச்சில் ஊற்றி, வரிசையாகப் பெண்களின் தோள்களைச் செய்து மாட்டியிருந்தார்கள். பால் பழுப்பேறி, பால் வாளிகளைத் தோளில் சுமக்கும் காண்டா கட்டை அழுத்திய பள்ளம் அப்படியே தெரிந்தது. என் அம்மாவின் இடது தோளில் அந்தப் பள்ளம் உண்டு. சிறு பிள்ளையில் அதில் விரலை வைத்துக்கொண்டுதான் தூங்குவேன். செய்தவர் இளம் பிள்ளையாம். கைக்கு நூறு கும்பிடு போடலாம்.

ஆனால் வாசலில் ஒரு பழைய சைக்கிள் நின்றது. ஹேண்டிலில் பூக்கூடை. 'தோட்ட மக்களின் வாகனம்' என்று மலாயிலும் ஆங்கிலத்திலும் மட்டும் எழுதியிருந்தார்கள். எல்லாரும் அதன் பக்கத்தில் நின்று படம் பிடித்துக்கொண்டார்கள்.

அந்தச் சைக்கிளில்தான் ஐயா கதையே இருக்கிறது. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தத்தில், கூலி உயர்வோடும் கள்ளுக்கடையை மூடுவதோடும் சேர்த்து இன்னொன்றும் கேட்டார்கள்: துரையோ தோட்ட எழுத்தரான கிராணியோ எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும் என்கிற வழக்கம் ஒழிய வேண்டும். முன்னின்ற ஆர்.எச். நாதனை வெள்ளைக்காரர்கள் பிடித்து நாடு கடத்தினார்கள். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் செத்தார்கள். எங்கள் தாத்தா அப்போது காப்பார் பக்கம் பால்மரம் சீவிக்கொண்டிருந்தவர். அதைப் பற்றிக் கேட்டால் பாட்டி பேச்சை மாற்றிவிடுவார்.

எனக்குத் தெரிந்தது அப்பாவைத்தான். 1974, நான் மூன்றாம் படிவம். சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து பள்ளிக்குப் போகும்போது கார் சத்தம் கேட்டால் போதும், அப்பாவின் கால் தானாகத் தரையில் ஊன்றும். அப்போது மேனேஜர் வெள்ளைக்காரர்கூட இல்லை, நம்மவர்தான். அவரும் இறங்கச் சொன்னதில்லை. சரி, அப்பாவை விடுங்கள். முப்பது வருடம் தாதியாக இருந்து ஓய்வு பெற்ற நான், இன்றைக்கும் வங்கியில் அதிகாரி நடந்து போனால் எழுந்துவிடுகிறேன். 'உட்காருங்கம்மா' என்று மகள் கையைப் பிடித்து இழுக்கிறாள்.

கண்காட்சி இம்மாதக் கடைசிவரை இருக்கிறதாம். ஏற்பாட்டாளர்கள் அந்தப் பூக்கூடையை எடுத்துவிட்டு, 1941இல் கேட்டது என்ன என்பதை ஒரு அட்டையில், தமிழிலும் எழுதி வைக்கட்டும். அப்புறம் தோட்டத்தில் சீவிய பாட்டிகள் நாலு பேரை வேன் வைத்து அழைத்து வந்து அந்தத் தோள்களைக் காட்டட்டும். எந்தப் பள்ளம் சரியான இடத்தில் இல்லை என்று அவர்களே சொல்லிவிடுவார்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தாதி,
செந்தூல், கோலாலம்பூர்