அண்ணா, அந்த 34 மரங்களையும் திரும்பச் சேர்த்துவிட்டேன்

அண்ணா,

நேற்று ராத்திரி திருத்தக் குறிப்பை அனுப்பிவிட்டேன். மரங்களின் வளர்ச்சியை அளந்து எழுதிய ஆய்வுக் கட்டுரையிலிருந்து நான் தூக்கிப்போட்ட 34 மரங்களும் மறுபடி கணக்கில் வந்துவிட்டன. குறிப்பு ஆங்கிலத்தில், மொத்தம் எட்டு வரி. அதில் உங்களைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அந்த மாதிரிக் குறிப்புகளில் மரத்துக்கு இடம் உண்டு, ஆளுக்குக் கிடையாது. அதனால்தான் இதைத் தமிழில், நாலு பேர் பார்க்கிற இடத்தில் எழுதுகிறேன். அன்றைக்கு நான் சொன்னதும் நாலு பேர் முன்னால்தானே.

காடு எது, சரகம் எது, நான் படித்த இடம் எது என்று எதையும் எழுதப் போவதில்லை. இதைப் படிப்பவர்களில் அனுமதிக் கடிதத்தில் கையெழுத்துப் போடுகிறவர்களும் இருப்பார்கள். உங்கள் பெயரைப் போடலாமா என்று உங்கள் மகளிடம் கேட்டுவிட்டிருந்தேன். பதில் வரவில்லை. சரி, வெறும் அண்ணாவாகவே இருங்கள்.

போன மாதம் ஒரு படம் வந்தது. மரங்களுக்கு எண் தகடு அடித்து நாம் அளந்த அந்த நிலத்துண்டில், நம் ப்ளாட்டில், அடுத்த கணக்கெடுப்புக்குப் போகப்போகிற பெண், முன்கூட்டியே ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு அனுப்பியது. "அக்கா, 1147-ஆம் மரத்தில் தகட்டையும் கம்பியையும் பட்டை பாதி விழுங்கியிருக்கிறது. மற்ற மரங்களில் எல்லாம் ஆணிதானே, இதில் மட்டும் ஏன் கம்பி?" என்று கேட்டிருந்தாள். ஆணி தீர்ந்துபோனது என்று பதில் போட்டேன். அது உண்மைதான். அதற்கு மேல் ஒன்றும் எழுத வரவில்லை.

முதல் அளவு எடுத்த அந்த நவம்பரில் ஆணி தீர்ந்ததும், சட்டைப் பையிலிருந்து கம்பியை எடுத்து அந்தக் கருமருதை இறுக்கிச் சுற்றி முறுக்கினீர்கள். நகம்கூட நுழையாது. முதலைத் தோல் மாதிரி வெடித்த அந்தப் பட்டையில் கம்பி நன்றாகப் பதிந்து உட்கார்ந்தது. அடுத்த அளவு சரியாக ஒரு வருடம் கழித்து, அடுத்த நவம்பரில் என்பது திட்டம். அனுமதி வர மார்ச் ஆகிவிட்டது. தாமதத்துக்கு யாரும் காரணமில்லை என்று இங்கே எழுதிவைக்கிறேன்.

மார்ச்சில் காட்டில் ஓர் இலை இல்லை. இலை இல்லாத காட்டில் எனக்கு எந்த மரமும் தெரியாது, உங்களுக்கு எல்லா மரமும் தெரியும். அரிவாளால் நகக்கண் அளவுக்குப் பட்டையைச் செதுக்கி, நிறத்தைப் பார்த்து, முகர்ந்து, பெயரைச் சொல்வீர்கள். நான் அதை லத்தீனில் எழுதிக்கொள்வேன். 1147-க்கு வந்தபோது தகட்டை விரலால் சுண்டினீர்கள். கம்பி ஒரு சாண் கீழே வழுக்கிக்கொண்டு போனது. அதைப் பிடித்து, வளையல் மாதிரி மரத்தைச் சுற்றி இப்படியும் அப்படியும் திருப்பிக் காட்டினீர்கள்.

"தங்கச்சி, மரம் ஒடுங்கியிருக்கு பாரு. தண்ணி இறங்கிடுச்சு."

முதல் ஆறு மாதம் மேடம். அந்த மார்ச்சில்தான் தங்கச்சி ஆகியிருந்தேன்.

நான் என்ன சொன்னேன் என்று உங்களுக்கு நினைவிருக்கும். "வெயிலுக்குக் கம்பி விரியும் அண்ணா. அது பௌதிகம்." சிரித்துக்கொண்டே வேறு சொன்னேன். போன வாரம் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஒரு மீட்டர் இரும்புக் கம்பி 15 டிகிரி சூட்டுக்கு ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்குகூட நீளாது. பட்டைக்கும் கம்பிக்கும் நடுவில் உங்கள் சுண்டுவிரல் போனது அண்ணா.

நீங்கள் வாதாடவில்லை. கம்பியை இன்னொரு முறுக்குப் போட்டு இறுக்கவும் இல்லை. "மழைக்கு அப்புறம் வந்து பாரு" என்றீர்கள். மழைக்கு அப்புறம் நான் வரவில்லை.

உங்களோடு பேசியதில் இன்னொன்றும் அடிக்கடி திரும்பி வருகிறது. பெருமையடிப்பதற்காக ஒருநாள் பனாமாவின் பாரோ கொலராடோ தீவைப் பற்றிச் சொன்னேன். 50 ஹெக்டேர் ப்ளாட், 1980களின் தொடக்கத்திலிருந்து ஐந்து வருடத்துக்கு ஒரு தடவை, ஒரு சென்டிமீட்டர் தடிமன் உள்ள செடிகூடத் தப்பாமல் அளக்கிறார்கள் என்று. எவ்வளவு ஆள், எவ்வளவு செலவு என்று கேட்பீர்கள் என நினைத்தேன். "அங்கே எந்த மாசம் அளப்பாங்க?" என்று கேட்டீர்கள். எனக்குத் தெரியவில்லை. அதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்றுகூட அப்போது தோன்றவில்லை. இரண்டு கணக்கெடுப்பும் ஒரே பருவத்தில் நடக்க வேண்டும் என்பது இந்த வேலையின் அரிச்சுவடி. வறண்ட காலத்தில் பட்டையும் அதன் கீழே உள்ள திசுவும் நீரை இழந்து தண்டு சுருங்கும், மழை விழுந்ததும் ஊதும். ஸ்பிரிங் வைத்த எஃகுப் பட்டையை மரத்தில் மாட்டி, டென்ட்ரோமீட்டர் என்று பெயர் வைத்து, எத்தனையோ பேர் அளந்து எழுதியிருக்கிறார்கள். நீங்கள் மாட்டியதும் அதேதான், ஸ்பிரிங் மட்டும் இல்லை.

அப்புறம் நான் ஆய்வு முடிவைக் காட்டிய அந்த அறை. திரையில் 34 மரங்களின் வளர்ச்சி மைனஸில் நிற்கிறது. "யார் அளந்தது?" என்று கேள்வி வருகிறது. நான் சொன்னது: "ஃபீல்ட் அசிஸ்டென்ட் சார். வனத்துறைக் கணக்கெடுப்பில் பழகியவர். தரையிலிருந்து 1.3-க்குப் பதில் 1.37 மீட்டரில் அளந்திருப்பார்." நல்ல பதில். மேலே போகப் போகத் தண்டு மெலியும், ஏழு சென்டிமீட்டர் ஏற்றி அளந்தால் எண் குறையும். எல்லாரும் தலையாட்டினார்கள். 1.3 மீட்டரில் ஒவ்வொரு மரத்துக்கும் வெள்ளைக் கோடு அடித்ததே நீங்கள்தான் என்பதும், டேப் அந்தக் கோட்டை விட்டு விலகியதே இல்லை என்பதும் அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும். நீங்கள் தாழ்வாரத்தில் பெட்டிகளோடு நின்றுகொண்டிருந்தது அப்போது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் சொல்லியிருக்க மாட்டேன் என்று எழுத நினைத்தேன். சொல்லியிருப்பேன்.

உதவித்தொகை முடிய ஐந்து மாதம் இருந்தது அண்ணா. அடுத்த அனுமதி கிடைக்கும் என்ற உறுதி இல்லை. "மரம் சுருங்கியிருக்கிறது" என்றால் நான் தப்பான மாதத்தில் அளந்தேன் என்று ஆகும், ஆய்வின் அடித்தளமே ஆடும். "ஆள் தப்பாக அளந்துவிட்டார்" என்றால் 34 வரிகளை அழித்துவிட்டு மேலே போகலாம். அழித்ததோடு தப்பு நிற்கவில்லை என்பதுதான் கொடுமை. டேப் பிடிப்பதில் வரும் பிழை கூடவும் செய்யும், குறையவும் செய்யும். குறைந்ததை மட்டும் தூக்கிப்போட்டால் மீதிக் காடு முழுக்கக் கொழுத்துவிடும். விட்டம் ஒரு சதவீதம் மாறினால் மரத்தின் எடைக் கணக்கு இரண்டு சதவீதத்துக்கு மேல் மாறும், கார்பன் கணக்கும் அப்படியே. அந்தத் தாளில் காடு நன்றாக வளர்ந்தது. நானும் நன்றாக வளர்ந்தேன்.

அடுத்த சீசனுக்கு உங்களைக் கூப்பிடவில்லை. அது என் முடிவு இல்லை. ஆனால் நான் வாய் திறக்கவில்லை. கடைசியாகப் பேருந்து ஏற்றிவிட வந்தபோது "பார்த்துப் போங்க மேடம்" என்றீர்கள்.

எனக்கும் கோபம் உண்டு, அதையும் எழுதத்தான் வேண்டும். அந்த ஏப்ரல் கடைசியில், கோடை மழை இரண்டு நாளாகப் பெய்து ஓடை பொங்கிய அன்று, நீங்கள் அந்தக் கரையில், நான் இந்தக் கரையில். தகடு தேடுவதற்காகக் கொடுத்த, போன தடவை அளவுகள் உள்ள பழைய தாள் உங்கள் பையில் இருந்தது. அளக்கிறவர் பழைய எண்ணைப் பார்க்கவே கூடாது என்பது எனக்குத் தெரியும், உங்களுக்கு நான் சொல்லியிருக்கவில்லை. மழைச் சத்தத்துக்கு மேலே எண்களைக் கத்தினீர்கள். 22 மரம். ஒரு மரத்துக்கும் அடுத்த மரத்துக்கும் நடுவில் நடக்கிற நேரம்கூட ஆகவில்லை என்று எனக்குத் தோன்றியது. எழுதிக்கொண்டேன். அனுமதி முடிய மூன்று நாள்தான் இருந்தது. காய்ச்சலோடு நீங்கள் ஓடையைத் தாண்டியதே எனக்காகத்தான் என்பதும் தெரியும்.

அந்த 22-இல் ஒன்றுகூட மைனஸ் இல்லை. எல்லாம் மூன்று, நாலு, ஐந்து மில்லிமீட்டர் வளர்ச்சி. யாரும் சந்தேகப்படவில்லை. அந்த அறையில் உங்களைக் காட்டிக்கொடுத்தபோது என் மனதில் ஓடியது இந்த ஓடைதான். இவர் அப்படிச் செய்யக்கூடியவர்தானே என்று ஒரு குரல். நீங்கள் ஒழுங்காக அளந்த 34-ஐ அழித்தேன், நான் நம்பாத 22-ஐ வைத்துக்கொண்டேன்.

இதைப் பொதுவில் போடுவது உங்களை இன்னொரு தடவை மாட்டிவிடுவதுதானோ என்று இந்தப் பத்தியை இரண்டு முறை எடுத்துவிட்டு மறுபடி சேர்த்திருக்கிறேன். படிக்கிறவர்கள் கவனிக்கட்டும்: எண்களைத் தாளில் எழுதியது என் கை, கீழே கையெழுத்தும் என்னுடையது.

போன வாரம் கம்பிக் கணக்கோடு இன்னொன்றும் உறைத்தது. இரண்டு நாள் மழைக்குப் பிறகு அந்த மரங்கள் தண்ணீர் குடித்து ஊதியிருக்கலாம். அப்படியென்றால் அந்த வளர்ச்சி எண்கள் நிஜமாகவும் இருக்கலாம். நீங்கள் வேகமாக நடக்கிறவர். மழையில் எனக்கு நேரம் சரியாகப் பிடிபட்டிருக்காது.

அந்தப் பெண் நவம்பரில்தான் அளக்கப் போகிறாள், மாதத்தை நான் சொல்லிவிட்டேன். 1147-இன் கம்பியை வெட்ட வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறேன், வெட்டினால் பட்டை கிழியும். திருத்தக் குறிப்பில் 22 மரங்களை இன்னும் தொடவில்லை. அடுத்த மாதம் வரை நேரம் கொடுத்திருக்கிறார்கள்.

உங்கள் மகள் இதை வாசித்துக் காட்டுவாள் என்று நம்புகிறேன். ஓடைக்கு அந்தப் பக்கம் எத்தனை மரத்தில் டேப்பைச் சுற்றினீர்கள் அண்ணா? எண்ணை மட்டும் சொல்லி அனுப்புங்கள். 22 என்றாலும் எழுதிக்கொள்கிறேன், பூஜ்யம் என்றாலும் எழுதிக்கொள்கிறேன்.