கால் நீட்டக் கற்றுத்தந்தவர்களுக்கு

திருகோணமலையிலும் கிண்ணியா, மூதூர்ப் பக்கத்திலும் இருந்துகொண்டு கால் புண்ணோடு நான் கிடந்த இந்த எட்டு மாதமும் என்னையும் என் வீட்டையும் தாங்கிய உங்கள் எல்லோருக்கும், கர்த்தருடைய நாமத்தில் அன்பும் வணக்கமும்.

வீடு வீடாக வந்து நேரில் சொல்லவேண்டிய நன்றி இது. கால் இன்னும் அவ்வளவு தூரத்துக்கு விடுகிறதில்லை. அத்தோடு, நான் நன்றி என்று வாயெடுத்தாலே உங்களில் பலர் "சும்மா இருங்கோ" என்று கதையை மாற்றிவிடுகிறீர்கள். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

என்னைத் தெரியாதவர்கள் கையிலும் இது அகப்படலாம். மீன்பிடிப் போட்டுகளின் எஞ்சின் திருத்துவது என் தொழில். திருக்கடலூர் தொடங்கி நிலாவெளி வரை ஆட்கள் எஞ்சின் கொண்டுவருவார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் மெதடிஸ்த சபையில் பிரசங்கம் செய்யும் பொறுப்பும் எனக்குத் தந்திருக்கிறார்கள். பதினாறு வருடமாகச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு.

மாசி மாதத்தில் எங்கள் பட்டறையில் நிற்க இடமிருக்காது. வாடைக்காற்று அடங்கிக் கடல் அமரத் தொடங்கும் நேரம் அது. சித்திரைக்கு முன் எஞ்சினைச் சரிக்கட்டிவிட வேண்டுமென்று எல்லோரும் ஒரே கிழமையில் கொண்டுவந்து இறக்குவார்கள். அன்றைக்குப் பதினான்கு எஞ்சின் கிடந்தது. காலையிலிருந்து செருப்பில்லாமல் நின்றேன். பொழுதுபட வீட்டுக்குப் போனபோது என் மனைவிதான் கண்டாள்: கழுவிவிட்ட சீமெந்துத் தரையில், வாசலிலிருந்து அடுப்படி வரை ஒற்றைக் காலின் இரத்த அடையாளம். உடைந்த ஸ்பார்க் பிளக் ஒன்றின் பீங்கான் துண்டு உள்ளங்காலில் ஏறியிருந்தது. எப்போது ஏறியது என்று எனக்குத் தெரியாது. ஒரு துளி வலி இல்லை.

சீனி வருத்தம் உள்ளவர்கள் இந்த இடத்தைக் கவனமாக வாசியுங்கள். சீனி பல வருடம் கூடியே இருந்தால் காலின் நரம்பு மரத்துப்போகும். முள் ஏறினாலும் சூடு பட்டாலும் தெரியாது. இரத்த ஓட்டமும் குறைவதால் புண் இலேசில் ஆறாது. இரவில் படுக்கமுன் இரண்டு உள்ளங்காலையும் பாருங்கள், வெறுங்காலோடு நடக்காதீர்கள் என்று கிளினிக்கில் எனக்கு எத்தனையோ தரம் சொல்லியிருந்தார்கள். நான் பார்க்கவில்லை. துண்டை இழுத்து எடுத்துவிட்டு, பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டு பத்து நாள் வேலைக்குப் போனேன். பதினோராம் நாள் குளிர்காய்ச்சலோடு என்னைத் தூக்கித்தான் கொண்டுபோனார்கள். சின்ன விரலையும் அதற்கு அடுத்ததையும் எடுக்கவேண்டி வந்தது. மிச்சக் காலைக் காப்பாற்றித் தந்த டொக்டர்மாருக்கும், வார்ட்டில் வேலை செய்யும் எல்லோருக்கும் நான் என்றைக்கும் கடமைப்பட்டவன். இரவுக் கடமையில் இருந்த ஒரு சிங்களப் பிள்ளையை விசேடமாகச் சொல்லவேண்டும். எனக்குத் தெரிந்த சிங்களம் எஞ்சின் சாமான் வாங்குகிற அளவுக்குத்தான். அந்தப் பிள்ளைக்குத் தமிழ் அதைவிடக் குறைவு. ஒப்பரேஷன் முடிந்த இரவு இரண்டு மணிக்கு, விரல் இல்லாத இடம் வலித்து நான் விழித்துக்கொண்டிருந்தபோது, "தாத்தே" என்று கூப்பிட்டுக் கட்டிலருகில் கதிரையைப் போட்டு உட்கார்ந்தது. அப்பா என்று கூப்பிட்ட அந்தச் சொல் எனக்கு விளங்கியது. அது போதுமாக இருந்தது.

ஜனவரி முதல் ஞாயிறு எங்கள் சபையில் உடன்படிக்கை ஆராதனை. மெதடிஸ்த இயக்கத்தைத் தொடங்கிய ஜோன் வெஸ்லி 1755 ஆகஸ்ட்டில் லண்டனில் தொடங்கிய வழக்கம் அது. என்னை வேலையில் வைத்தாலும் சரி, ஒதுக்கி வைத்தாலும் சரி, நிறைத்தாலும் சரி, வெறுமையாக்கினாலும் சரி, நான் உம்முடையவன் என்று எல்லோரும் சேர்ந்து சொல்லுவோம். இந்த வருடமும் முன் வரிசையில் நின்று உரத்த குரலில் சொன்னேன். இரண்டு மாதம் போகமுன் ஒதுக்கி வைக்கப்பட்டவனாகக் கட்டிலில் கிடந்தபோது, அந்த வரியில் எனக்குக் கேட்டதெல்லாம் 'வேலை' என்ற சொல் மட்டும்தான் என்று விளங்கியது.

"யாரிடமும் கை நீட்டாதே" என்று சொல்லித்தான் என் தகப்பன் எங்களை வளர்த்தார். நல்ல புத்திமதிதான். அதை நான் எங்கே கொண்டுபோய் வைத்தேன் என்பதைச் சொல்லாமல் இந்த நன்றி முழுதாகாது. 2004 மார்கழி 26 கடல் வந்தபோது பட்டறை முழுவதும் போய்விட்டது. நிவாரண வரிசையில் நான் நிற்கவில்லை. என் மனைவியை அனுப்பினேன். நாலு மணித்தியாலம் வெயிலில் கைக்குழந்தையோடு நின்று அரிசியும் பருப்பும் வாங்கி வந்தாள். நான் சாப்பிட்டேன். அடுத்த வருடம் தொழில் நிமிர்ந்ததும் மற்றவர்களுக்குக் கொடுக்கத் தொடங்கினேன். கொடுத்துக்கொண்டே இருந்தேன். யாரிடமும் வாங்காமல் கொடுக்கிறவனாக மட்டும் இருப்பதைத் தாழ்மை என்று இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன்.

தன்னை நீதிமான் என்று எண்ணிய பரிசேயனும், வரி வாங்குகிற ஆயக்காரனும் ஜெபம் பண்ணப்போன உவமையை நான் பல தடவை பிரசங்கித்திருக்கிறேன். பரிசேயனின் ஜெபமும் ஒரு நன்றி ஜெபம்தான் என்பது வார்ட்டில் கிடந்தபோதுதான் கண்ணில் பட்டது. அவன் தேவனை ஸ்தோத்திரித்துத்தான் தொடங்குகிறான். தசமபாகம் கொடுத்ததும் உபவாசம் இருந்ததும் பொய்யில்லை. ஆனால், தான் பெற்றுக்கொண்டது என்று ஒன்றையாவது அவன் அங்கே சொல்லவில்லை. ஆயக்காரன் கேட்டது இரக்கம். அதைப் பெற்றுக்கொண்டுதான் வீட்டுக்குப் போனான். கிருபை என்றால் தகுதியில்லாதவனுக்குக் கிடைக்கும் தயவு என்று ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். தகுதியில்லாதவன் என்ற அந்த இடத்தில் என்னை வைத்துப் பார்த்ததே இல்லை.

இனி, இந்த மடலில் எழுதுவதற்கு எனக்கு மிகக் கஷ்டமான பகுதி.

நம்முடைய ஊரில் இதே தொழில் செய்யும் இன்னொருவர் இருக்கிறார். பெயர் எழுதவேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். ஒன்பது வருடத்துக்கு முன் போட்டு முதலாளியான ஒரு சம்மாட்டி தன் ஆறு போட்டின் வேலையையும் என்னிடமிருந்து எடுத்து அவரிடம் கொடுத்தார். அதற்குப் பிறகு அவர் போலிச் சாமான் போடுகிறார் என்று நான் கதைத்துத் திரிந்தேன். மீன் வாடிகளில் சொன்னேன், தேநீர்க் கடையில் சொன்னேன். அது உண்மையா என்று ஒருநாளும் விசாரித்ததில்லை. நான் ஆஸ்பத்திரியில் கிடந்த நாலாம் நாள் அவர் என் வீட்டுக்கு வந்து, பட்டறைத் திறப்பைத் தரமுடியுமா என்று என் மனைவியிடம் கேட்டார். தன் கடையை ஆறு மணிக்குப் பூட்டிவிட்டு, இரவு பத்து, பதினொரு மணி வரை என் பட்டறையில் வேலை செய்தார். பதினான்கு எஞ்சினும் சித்திரைக்கு முன் கடலுக்குப் போயின. பிறகு ஒரு கொப்பி கொண்டுவந்தார். எந்த எஞ்சின், என்ன பழுது, எந்தச் சாமான், என்ன விலை எல்லாம் அதில் எழுதி, ஒவ்வொரு பக்கத்திலும் சாமான் வாங்கிய பில் துண்டு குத்தியிருந்தது. கூலி முழுவதும் ஒரு கடித உறையில் இருந்தது. எழுபத்தெட்டாயிரம் ரூபா. தனக்கென்று ஒரு சதம் எடுக்கவில்லை.

அந்த உறையை நான் மூன்று நாள் தொடவில்லை. திருப்பி அனுப்பிவிடலாம் என்றுகூட யோசித்தேன். "உங்களுக்கு நோவது காலா, வேறென்னவா?" என்று என் மனைவி கேட்டாள். அதற்குப் பிறகுதான் எடுத்தேன்.

அண்ணை, உங்களைப் பற்றி நான் சொன்னது பொய். எங்கெங்கே சொன்னேனோ அங்கெல்லாம் இந்த மடல் போய்ச் சேரட்டும். நீங்கள் நேரில் மன்னித்துவிட்டீர்கள். ஆனாலும் கெடுத்தது பலர் முன்னால், ஆகவே திருத்துவதும் பலர் முன்னால்தான் இருக்கவேண்டும்.

வீட்டுக்கு வந்த பிறகு ஒன்றுவிட்ட ஒரு நாள் புண்ணைக் கழுவி மருந்து கட்டவேண்டும். பின் ஒழுங்கையில் இருக்கும் அக்கா ஓய்வுபெற்ற தாதி, எழுபது வயது தாண்டியவர். யாரும் அவரைக் கேட்கவில்லை. காலை ஆறரைக்குப் பத்திரகாளி அம்மன் கோயிலுக்குப் போய்விட்டு, நெற்றியில் திருநீற்றோடு, கையில் தன் வீட்டு எனாமல் பேசினோடு வந்து நின்றார். வெள்ளைப் பேசின், விளிம்பு நீலம், ஒரு பக்கத்தில் கொஞ்சம் எனாமல் கழன்றிருக்கும். குட்டி வாங்கில் உட்கார்ந்து, மடியில் ஒரு துவாயை விரித்து, காலைத் தாருங்கள் என்றார்.

மூத்தவர்கள் முன்னால் கால் நீட்டி இருக்கக்கூடாது என்று பழக்கப்பட்டவர்கள் நாம். கால் தவறிப் பட்டாலே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வோம். இந்தக் காலோ சீழும் மணமுமாக இருக்கிறது. என் தாய் வயதை எட்டப்போகிற ஒருவர் மடியில் இதை எப்படி வைப்பது? பின்னுக்கு இழுத்துக்கொண்டேன். இரண்டாம் தரமும் இழுத்தேன். "தம்பி, காலைத் தந்தாத்தான் மருந்து கட்டலாம்" என்றார் அக்கா. கோபமில்லை, அவசரமுமில்லை. நான் தரும்வரை கையை ஏந்திக்கொண்டு அப்படியே இருந்தார்.

அது பெரிய வியாழனுக்கு முந்தின கிழமை. கடைசி இராப்போசன இரவில் இயேசு தம்முடைய சீஷர்களின் காலைக் கழுவ வந்தபோது மறுத்த பேதுரு என் ஞாபகத்துக்கு வந்தான். நீர் ஒருக்காலும் என் கால்களைக் கழுவப்படாது என்கிறான் அவன். நான் உன்னைக் கழுவாவிட்டால் என்னிடத்தில் உனக்குப் பங்கில்லை என்கிறார் ஆண்டவர். எத்தனை பெரிய வியாழனில் இந்தப் பகுதியை எடுத்து, மற்றவர்களின் காலைக் கழுவுங்கள் என்று பேசியிருப்பேன்! அன்று இரவு சீஷர்கள் முதலில் செய்யவேண்டியிருந்தது தங்கள் காலைக் கொடுப்பதுதான். நான் காலை நீட்டினேன். அக்கா பழைய துணியை சேலைன் விட்டு நனைத்து, சதையோடு ஒட்டிய இடத்தை இழுக்காமல், கொஞ்சம் கொஞ்சமாகக் கழற்றினார். உள்ளங்காலில் வழிந்த தண்ணீர் எனக்குத் தெரியவில்லை, அங்கே உணர்வு இல்லை. கணுக்காலுக்கு வந்தபோதுதான் அதன் குளிர் தெரிந்தது. அழுதுவிட்டேன். வலியா என்று அக்கா கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன்.

அறுபத்தொரு காலை வந்தார். காசு தந்தால் அடுத்த தரம் வரமாட்டேன் என்று முதல் நாளே சொல்லிவிட்டார். தேநீர் மட்டும் குடித்தார், சீனி போட்டு, என் முன்னாலேயே.

நம்முடைய போதகர் ஐயா செவ்வாய்க்கிழமை தோறும் வந்து ஜெபித்தார். ஒருநாள் எனக்குத் தெரிந்த கதை ஒன்றையே திரும்பச் சொன்னார். இலங்கைக்கு மெதடிஸ்த ஊழியத்தைத் தொடங்கப் புறப்பட்ட தோமஸ் கோக் 1814 மே 3 அன்று கப்பலிலேயே இறந்துபோனார். உடலைக் கடலில் அடக்கம் பண்ணினார்கள். பணப் பொறுப்பு அவர் கையில் இருந்ததால், பம்பாயில் இறங்கிய இளம் ஊழியர்கள் முன்பின் தெரியாத ஒரு வர்த்தகரின் உதவியை நம்பவேண்டியதாயிற்று. ஜூன் 29 காலியில் கரையேறினார்கள். அவர்களில் மட்டக்களப்புக்குப் போன வில்லியம் ஓல்ட் ஒரு வருடம் முடியமுன் இறந்தார். "நம்முடைய சபையே கை நீட்டித்தான் இந்த மண்ணில் கால் வைத்தது" என்றார் ஐயா. அந்தக் கதையை அதுவரை நான் தியாகத்தின் கதை என்றுதான் சொல்லி வந்தேன்.

கிண்ணியாவிலிருந்து ஓட்டோவில் வந்து ஒவ்வொரு கிளினிக் நாளும் என்னை ஏற்றிப்போன நானாவுக்கு நன்றி. நோன்பு காலத்திலும் பச்சைத் தண்ணீர் குடிக்காமல் வெளியில் காத்து நின்றீர்கள். பங்கு பிரிக்கும்போது எனக்கும் ஒரு கூறு வைத்து, விடியற்காலையில் படலையில் மீன் தொங்கவிட்டுப் போன தம்பிமாரே, யார் யார் என்று எனக்குத் தெரியும். வாலிபர் சங்கப் பிள்ளைகள் கூரைத் தகட்டை மாற்றித் தந்தார்கள். மூதூரிலிருந்து என் மைத்துனி வந்து இரண்டு மாதம் சமைத்தாள்.

என் மனைவிக்கு இந்த மடலில் ஒரே ஒரு சொல்: அந்த வரிசையில் நான் நின்றிருக்கவேண்டும்.

கர்த்தர் எனக்குச் செய்த எல்லா உபகாரங்களுக்காகவும் அவருக்கு என்னத்தைச் செலுத்துவேன் என்று சங்கீதக்காரன் கேட்கிறான். இரட்சிப்பின் பாத்திரத்தை எடுத்துக்கொள்வேன் என்று அவனே பதிலும் சொல்கிறான். கொடுப்பதற்கு என்ன உண்டு என்று கேட்டவன் எடுத்துக்கொள்வேன் என்று முடிக்கிறான். முன்பு இது எனக்குப் பிழையான பதில் போல இருந்தது.

ஐப்பசி முதல் கிழமை பட்டறையைத் திறக்கிறேன். பாதி நேரம்தான், சப்பாத்தோடுதான். பெரிய எஞ்சின்களை அண்ணையிடமே கொண்டுபோங்கள்.

அக்கா, புண் முழுதாகக் காய்ந்துவிட்டது. உங்கள் பேசின் இன்னும் எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. என் மனைவி தேய்த்துக் கழுவி வெயிலில் வைத்திருக்கிறாள். ஞாயிறு ஆராதனை முடிந்து, பின்னேரம் நாலு மணிபோல நான் நடந்தே கொண்டுவருகிறேன். வீட்டில் இருங்கள்.