பட்டவராயன் கையில் செருப்பைக் கொடும்

பாளையங்கோட்டை,
ஆனி 10

அன்பு நண்பருக்கு,

முத்துப்பட்டன் கதையைக் காமிக்ஸாக வரைந்து நீர் அனுப்பிய எட்டுப் பக்கமும் மடங்காமல் வந்து சேர்ந்தது. இங்கே மேல்காற்று ஆரம்பித்துவிட்டது. அம்பாசமுத்திரம் பக்கம் கார் நடவு மும்முரமாக இருக்கும். ஆடி அமாவாசைக்குள் புத்தகம் கையில் இருக்க வேண்டும் என்கிறீர். நாள் குறைவு. அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

முத்துப்பட்டனை சூப்பர் ஹீரோவாக வரைவது நல்ல யோசனை. ஆனால் நீர் அவருக்கு மாட்டியிருக்கிற மேலங்கியும் மார்புச் சின்னமும் வேண்டாம், வே. பாபநாசம் மலையில் சொரிமுத்து அய்யனார் கோயிலில் பட்டவராயன் என்று தெய்வமாகி நிற்கிற அவருக்கு ஜனங்கள் செருப்பையல்லவா காணிக்கை போடுகிறார்கள்? பிராமணரான முத்துப்பட்டன் பூணூலை அறுத்து, தோல் தைத்துச் செருப்பாக்கிக் காட்டிய பிறகுதான் செருப்புத் தைக்கிற வாலப்பகடை தம் பெண்கள் பொம்மக்கா, திம்மக்கா இருவரையும் கொடுத்தார். அந்தச் செருப்புதான் அவருடைய சின்னம். முதல் பக்கத்திலேயே பெரிதாக வையும்: வாரில் ஊசி போன ஓட்டை, கட்டைவிரல் அழுத்திய பள்ளம், ஓரத்தில் பிய்ந்த நூல்.

ஐந்தாம் பக்கத்தில் ஒரு கட்டம் எனக்கு மனசுக்கு ஒப்பவில்லை. பொம்மக்காவும் திம்மக்காவும் பிராமணர் வீட்டில் பிறந்து பகடை எடுத்து வளர்த்தவர்கள் என்று எழுதியிருக்கிறீர். கதையின் சில வடிவங்களில் அப்படி உண்டு. அந்தக் கல்யாணத்தை ஜீரணிக்க முடியாதவர்கள் பிற்பாடு ஒட்டிய ஒட்டு அது. அதை எடுத்துவிடும். அமெரிக்காவிலும் இதே மாதிரி நடந்தது. ஜோ ஓர்லாண்டோ வரைந்த ஒரு காமிக்ஸ் கதை 1953இல் வந்தது. நிறத்தால் பிரிந்து கிடக்கிற ரோபோக்களின் கிரகத்தை ஆராய ஒரு விண்வெளி வீரர் போகிறார். கடைசிக் கட்டத்தில் தலைக்கவசத்தைக் கழற்றினால் கறுப்பினத்தவர். 1956இல் மறுபடி அச்சிடப் போனபோது, அவரை வெள்ளையராக்கு என்றது தணிக்கை அமைப்பு. பதிப்பாளர் வில்லியம் கெயின்ஸ் மறுத்து, உள்ளபடியே போட்டார். நாயகன் யார் என்பதில்தான் முதல் கை வைப்பார்கள். அதற்கு இடம் கொடுக்காத மாதிரி வரைவது நம் வேலை.

நிறத்தில் மட்டும் அது வந்துவிடாது. உம்முடைய பொம்மக்காவுக்குப் பழுப்பு அடித்திருக்கிறீர். மூக்கும் தாடையும் அமெரிக்கக் காமிக்ஸ் நாயகியுடையது. வண்ணத்தை எடுத்துவிட்டு வெறும் கோட்டில் பாரும், ஆள் மாறிவிடுகிறாள். கோட்டிலேயே நம்ம ஊர்க்காரியாகத் தெரிய வேண்டும். உடம்புக்கும் அதே கதைதான். தலையை அளவுகோலாக வைத்தால் எட்டரைத் தலை உயரம் நமக்கு எதற்கு? ஏழரை போதும், தோளிலும் தொடையிலும் பலத்தைக் காட்டும். கிருஷ்ணாபுரம் கோயிலில் இளவரசியைத் தூக்கிப் போகிற குறவன் சிலையை அரைநாள் உட்கார்ந்து வரைந்து பழகினால், பாரம் எந்தக் காலில் இறங்குகிறது என்று கைக்குப் புரிந்துவிடும்.

இனி அச்சு மை. பழைய அமெரிக்கக் காமிக்ஸில் சியான் என்கிற நீலம், மெஜந்தா என்கிற கருஞ்சிவப்பு, மஞ்சள் மூன்றுக்கும் 0, 25, 50, 100 சதவீதம் என்று நான்கே படி. பெருக்கினால் 64 நிறம். அதற்குள் கறுத்த தோல் சேறாகவோ சாம்பலாகவோதான் விழும். 1993இல் டுவெய்ன் மெக்டஃபியும் டெனிஸ் கோவனும் மற்றவர்களோடு மைல்ஸ்டோன் என்ற காமிக்ஸ் நிறுவனத்தை ஆரம்பித்தபோது கையால் வண்ணம் தீட்டும் முறைக்குப் போனதே தோல் நிறங்கள் ஒன்றிலிருந்து ஒன்று பிரிந்து தெரிய வேண்டும் என்றுதான். உமக்கு இப்போது அந்தத் தடை இல்லை. ஆனாலும் தோலுக்கு நீர் கறுப்பு மையை 50 சதவீதம் வைத்திருக்கிறீர். செய்தித்தாள் அடிக்கிற சாதாரண நியூஸ்பிரிண்டில் மைப்புள்ளி விரிந்து அது 70ஐத் தாண்டும். கண்ணும் உதடும் அதற்குள் அமுங்கிவிடும். சியான் 30, மெஜந்தா 60, மஞ்சள் 70, கறுப்பு 10 வையும். நிழலுக்கு அதே வரிசையில் 50, 70, 75, 20. நாலும் சேர்ந்து 240ஐத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளும்; தாண்டினால் மை காயாமல் எதிர்ப் பக்கத்தில் ஒட்டும்.

மாடு திருட வந்தவர்களோடு இரவில் நடக்கிற சண்டையில் முகம் முழுக்க இங்க் ஊற்றாதேயும். நெற்றி, மூக்குத் தண்டு, தோள் விளிம்பு மூன்றிலும் இரண்டு மில்லிமீட்டர் வெள்ளை விடும். ஓர்லாண்டோ அந்தக் கறுத்த நெற்றியில் வேர்வை மணிகளை மின்ன விட்டாரே, அதுதான் வழி.

வரைகிற அட்டை 11க்கு 17 அங்குலம், படம் 10க்கு 15. அச்சில் மூன்றில் இரண்டு பங்காகச் சுருங்கும். அதனால் நெருக்கமாகக் கோடு இழுத்தால் அடைத்துப்போகும். அரை மில்லிமீட்டராவது இடைவெளி வேண்டும். ஸ்கேன் 600 டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு 600 புள்ளி. வசன பலூனை முதலிலேயே பென்சிலில் போட்டுவிடும். தமிழுக்கு மேலே கொக்கி, கீழே சுழி. வரி நெருங்கினால் இடிக்கும். ஒரு பலூனுக்குப் பன்னிரண்டு வார்த்தைக்கு மேல் வேண்டாம். நடுப்பின் அடிப்பதால் பக்கம் நாலின் மடங்கில்தான் இருக்க வேண்டும். நீர் சொல்லும் 22 வராது, 24 ஆக்கும்.

கடைசியாகப் பதிப்பாளரோடு நீர் போடப்போகிற ஒப்பந்தம். ‘அனைத்து உரிமையும்’ என்று ஒரே வரியில் இருக்கிறது. கையெழுத்துப் போடாதேயும். சூப்பர்மேனை உருவாக்கிய சீகலும் ஷஸ்டரும் 1938இல் அதன் உரிமையை 130 டாலருக்கு எழுதிக் கொடுத்தவர்கள். ஆண்டுக்கு 20,000 டாலர் உதவித்தொகை கிடைக்க 1975 ஆயிற்று. நம் பதிப்புரிமைச் சட்டத்தில் காலம் குறிப்பிடாத உரிமை மாற்றம் ஐந்து ஆண்டுக்கு, இடம் குறிப்பிடாதது இந்தியாவுக்கு மட்டும். ஆனாலும் சட்டத்தை நம்பிச் சும்மா இருக்க வேண்டாம். ‘தமிழில், அச்சில், 1,000 பிரதி, மூன்று ஆண்டு’ என்று எழுதி வாங்கும். மூலப் படங்கள் உம்மிடமே இருக்கும் என்றும் ஒரு வரி சேரும்.

ஐந்தாம் பக்கத்தை முதலில் திருத்தி அனுப்பும். செருப்பு தைக்கிறவரிடம் வாரை எந்தப் பக்கத்திலிருந்து குத்துவார்கள் என்று பார்த்துவிட்டு முதல் பக்கத்தை வரையும். வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்லும்.

உம் நண்பன்