நெரிசலில் வண்டி ஓட்டும் நண்பனுக்கு

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. முதுகுவலி குறைந்து மறுபடியும் வேலைக்குப் போகிறாய் என்று படித்ததும்தான் நிம்மதி. இங்கே எல்லோரும் நலம். மூத்தவன் இப்போது கார் ஓட்டப் பழகுகிறான். பக்கத்தில் உட்கார்ந்து அவனுக்கு நான் சொல்லிக்கொண்டு வருவதும் நீ கேட்டிருக்கிற விஷயமும் ஒன்றுதான் என்பதால், இந்தக் கடிதம் கொஞ்சம் நீளும்.

வேலை இடம் மாறியதிலிருந்து தினமும் நெரிசலில்தான் பயணம், எரிபொருள் போட்டுக் கட்டுப்படியாகவில்லை, வண்டியில் ஏதாவது கோளாறோ என்று எழுதியிருந்தாய். மெக்கானிக்கிடம் காட்டுவது நல்லதுதான். ஆனால் அதற்கு முன் நீ எத்தனை முறை பிரேக் மிதிக்கிறாய் என்று கவனி. எரிபொருளை எரித்து வண்டிக்குக் கொடுத்த வேகம் முழுவதும், பிரேக் மிதித்த அடுத்த நொடி வெறும் சூடாகப் போய்விடுகிறது. அதுவும் வேகம் இரண்டு மடங்கானால் வீணாகும் ஆற்றல் நான்கு மடங்கு. சிவப்பு விளக்கு கண்ணுக்குத் தெரிகிறபோதே 20 கி.மீ. வேகத்தில் மெல்லப் போனாலும், 40-க்கு விரட்டிக்கொண்டு போனாலும் நிற்கப்போவது அதே இடத்தில்தானே?

அதனால் முன்னால் போகிற வண்டியை ஒட்டிக்கொண்டு போகாதே. இடைவெளி விட்டால் யாராவது நுழைந்துவிடுவார்கள் என்பாய். நுழையட்டும். ஒரு வண்டி நீளம்தான் நமக்கு நஷ்டம். ஜப்பானில் சுகியாமா என்ற ஆய்வாளரின் குழுவினர் செய்து 2008-இல் வெளியிட்ட சோதனை ஒன்று எனக்கு ரொம்பப் பிடிக்கும். 230 மீட்டர் சுற்றளவுள்ள வட்டப் பாதையில் 22 கார்களை ஒரே சீராக ஓட்டச் சொன்னார்கள். சிக்னல் இல்லை, குறுக்கே யாரும் இல்லை. ஆனாலும் சிறிது நேரத்தில் நின்று நின்று போகிற நெரிசல் தானாகவே உண்டாகி, அலைபோலப் பின்னோக்கி நகர்ந்தது. பின்னர் அமெரிக்காவின் அரிசோனாவில் இதே மாதிரி ஒரு வட்டத்தில், ஒரே ஒரு காரை மட்டும் கணினியைக் கொண்டு சீரான வேகத்தில் போக வைத்தார்கள். அலை அடங்கியது. எல்லா கார்களின் எரிபொருள் செலவும் சேர்ந்து 40 சதவீதம் வரை குறைந்தது. நிஜச் சாலையில் அந்த அளவுக்குக் கிடைக்காதுதான். இருந்தாலும், நீ ஒருவன் நிதானமாகப் போனால் பின்னால் வருகிறவனுக்கும் மிச்சம் என்பது எவ்வளவு நல்ல செய்தி!

அப்புறம், நியூட்ரலில் உருட்டும் பழக்கம். அதை விட்டுவிடு. இப்போதைய வண்டிகளில் கியரில் இருக்கும்போது ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால், சக்கரமே இன்ஜினைச் சுழற்றும். எரிபொருள் வருவது நின்றுவிடும். நியூட்ரலுக்கு மாற்றினால் இன்ஜின் அணையாமல் இருக்க எரிபொருள் போய்க்கொண்டே இருக்கும். கட்டுப்பாடும் குறையும். கியரிலேயே விட்டு, வேகம் நன்றாகக் குறைந்த பிறகு கிளட்சை மிதி.

சிக்னலில் 10 நொடிக்கு மேல் நிற்கப்போகிறோம் என்று தெரிந்தால் இன்ஜினை அணைத்துவிடுவது லாபம். மறுபடி ஸ்டார்ட் செய்ய அதைவிடக் குறைவாகத்தான் செலவாகும். ஆனால் பேட்டரி பழசாக இருந்தால் இதை அடிக்கடி செய்யாதே. நகர்ந்துகொண்டிருக்கும்போது ஒருபோதும் அணைக்காதே. ஸ்டீயரிங்கும் பிரேக்கும் கனத்துப்போகும்.

மற்றதெல்லாம் உனக்குத் தெரிந்ததுதான். டயரில் காற்று சரியாக இருக்கட்டும். டிக்கியில் தேவையில்லாத சுமையை இறக்கிவிடு. நின்று நின்று போகும்போது ஒவ்வொரு முறையும் அதையும் சேர்த்துத்தான் இழுக்க வேண்டும். மெதுவாக ஊரும்போது ஏசி குடிக்கிற எரிபொருள் கொஞ்சநஞ்சமல்ல, ஆனால் வெயிலில் வாடிக்கொண்டு மிச்சம் பிடிக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. முதுகுவலிக்காரன் நீ, வசதியாக உட்கார்ந்து ஓட்டு.

நீ மாற்றிய வண்டி கியர் வண்டியா, ஆட்டோமேட்டிக்கா என்று எழுதவில்லையே? ஆட்டோமேட்டிக் என்றால் கிளட்ச் பற்றிச் சொன்னதை விட்டுவிடு. அதற்குத் தனியாக எழுதுகிறேன்.

அன்புடன்,
மணி