மீண்டும் கீற்று வீடுதானா?

ஆசிரியருக்கு,

புயல் நிவாரணம் குறித்த தங்கள் தலையங்கம் கண்டேன். தொகையை உயர்த்த வேண்டும் என்பது நியாயமே. ஆனால் அத்தொகை எதைத் திரும்பக் கட்டுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் பகுதியில் கரையைக் கடந்தபோது, எங்கள் தெருவில் தளம் போட்ட வீடுகள் ஜன்னல் கதவுகளை மட்டுமே இழந்தன. கீற்று வீடுகளில் மண் சுவரும் மிஞ்சவில்லை. வந்த நிவாரணத்தில் மூங்கிலும் கீற்றும் வாங்கி, அதே இடத்தில் அதே வீட்டைத்தான் மீண்டும் எழுப்பினார்கள். தென்னை மரங்களே சாய்ந்துவிட்டதால் கீற்றையும் வெளியூரிலிருந்து விலைக்கு வாங்க வேண்டியிருந்தது. இன்னொரு புயல் வந்தால் அரசு திரும்பவும் இதே செலவைச் செய்யும். அந்தக் குடும்பங்கள் திரும்பவும் கடன் வாங்கும்.

கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் கான்கிரீட் வீடு கட்ட 3.5 லட்சம் ரூபாய் ஒதுக்குகிறார்கள். கடலோரத்தில் அது பலருக்கு எட்டாததற்குக் காரணம் பட்டா. கோயில் நிலத்திலும் புறம்போக்கிலும் தலைமுறைகளாகக் குடியிருப்பவர்கள் மின் கட்டண ரசீதும் ரேஷன் அட்டையும் வைத்திருக்கிறார்கள். பட்டா மட்டும் இல்லை. புயல் தாக்கும் வட்டாரங்களில் இவர்களுக்கு மாற்று மனையோ, கோயில் நிலமானால் நீண்டகாலக் குத்தகை உரிமையோ வழங்கி, கான்கிரீட் வீட்டுக்கு முன்னுரிமை தர வேண்டும். அடுத்த வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே வருவாய்த் துறை இதற்கான கணக்கெடுப்பைத் தொடங்கலாம்.

– ஒரு வாசகர், வேதாரண்யம்