போடியிலிருந்து மாப்ளைக்கு: பழைய கார்புரேட்டரைத் தூக்கிப் போடாதே

போடிநாயக்கனூர்

அன்புள்ள மாப்ளைக்கு,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முட்டிவலி கொஞ்சம் பரவாயில்லை, வாசல்வரை நடக்கிறாள். ஏலக்காய்ப் பறிப்பு ஆரம்பித்துவிட்டதால் பாதி நாள் எனக்குப் பூப்பாறையில்தான் போகிறது. விடிகாலையில் ஆட்களை ஏற்றிக்கொண்டு முந்தல் பக்கம் போகிற ஜீப்புகளின் சத்தம் மட்டும் நாம் பள்ளிக்கூடம் போன காலத்தில் இருந்தபடியே இருக்கிறது. 2010 கடைசியில் நின்றுபோன ரயில் 2023 ஜூனில் அகலப்பாதையில் திரும்ப வந்தது. நீதான் இன்னும் அதில் வந்து இறங்கவில்லை. தங்கச்சி நலமா? மருமகளுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்த செய்தி அம்மாவுக்கு ரொம்பச் சந்தோஷம்.

சரி, வண்டி விஷயத்துக்கு வருகிறேன். ராஜ்தூத் 350 பைக்கைக் கோயம்புத்தூரிலிருந்து ஓட்டி வந்து, போடிமெட்டு மலைப்பாதையில் ஏறி மூணாறு போக வேண்டும் என்று எழுதியிருக்கிறாய். அதைப் படித்ததும் எனக்கு எவ்வளவு மகிழ்ச்சி என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனால் உன் மெக்கானிக் சொன்ன இரண்டு யோசனையும் வேண்டாம். பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்புகிற பழைய கார்புரேட்டர் இரண்டையும் கடாசிவிட்டு டூப்ளிகேட் வாங்கி மாட்டாதே. மலை ஏறுவதற்காக மெயின் ஜெட்டை, அதாவது ஆக்சிலேட்டரை முறுக்கும்போது பெட்ரோல் போகிற பித்தளைத் துளையை, சின்னதாக்கவும் செய்யாதே. முதல் யோசனையால் காசுதான் போகும். இரண்டாவதால் இன்ஜினே போய்விடும்.

மலை விஷயத்தை முதலில் சொல்கிறேன். கோயம்புத்தூரும் போடியும் உயரத்தில் கிட்டத்தட்ட ஒன்றுதான். போடிமெட்டு 1,300 மீட்டருக்கு மேல். தேவிகுளம் அதைவிடவும் உயரம். போடியைவிட மெட்டில் காற்றின் அடர்த்தி ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். கார்புரேட்டருக்கு அது தெரியாது. உள்ளே இழுக்கிற காற்றின் வேகத்துக்குத் தக்கபடி பெட்ரோலை விட்டுக்கொண்டே இருக்கும். அதனால் மேலே போகப் போக பெட்ரோல் கூடி, காற்று குறைந்து, வண்டி கொஞ்சம் கனமாக இழுக்கும், புகையும் கூடுதலாக வரும். உன் மெக்கானிக் சொல்வது இந்த அளவுக்குச் சரி.

ஆனால் மேலே போன வண்டி கீழே இறங்கியாக வேண்டுமே! மேலே பொருந்துகிற சின்ன ஜெட்டோடு 17 கொண்டை ஊசி வளைவையும் இறங்கி முந்தலுக்கு வந்து, தேனி ரோட்டின் வெயிலில் ஆக்சிலேட்டரை முறுக்கினால், அடர்த்தியான காற்றுக்குப் போதுமான பெட்ரோல் கிடைக்காது. டூ ஸ்ட்ரோக்கில் பெட்ரோல்தான் பிஸ்டனின் சூட்டையும் தணிக்கிறது. அதோடு, நீ ஆயில் பம்பைக் கழற்றிவிட்டு பெட்ரோலிலேயே ஆயில் கலந்து ஓட்டுகிறாய். பெட்ரோல் குறைந்தால் ஆயிலும் சேர்ந்து குறையும். பிஸ்டன் பிடித்துக்கொள்ள இது போதும். அதனால் நீ போகிற பாதையில் எது மிகத் தாழ்வான இடமோ, அதற்குத்தான் கார்புரேட்டரைச் செட் பண்ண வேண்டும். மேலே கொஞ்சம் புகைந்தால் புகையட்டும்.

இறக்கத்திலும் ஒன்று பார்த்துக்கொள். ஆக்சிலேட்டரை முழுசாக மூடி, கியரிலேயே இழுத்துப் பிடித்தபடி நெடுநேரம் இறங்காதே. இன்ஜின் வேகமாகச் சுற்றிக்கொண்டிருக்கும், ஆனால் உள்ளே ஆயில் போகாது. நடுநடுவே கிளட்சைப் பிடித்து லேசாக ரேஸ் கொடு. இந்த வண்டிக்கு முன்னாலும் டிரம் பிரேக்தான் என்பதை மறக்காதே. ஜப்பானில் அந்த மாடலுக்கு முன்னால் டிஸ்க் இருந்தது. 1983-ல் எஸ்கார்ட்ஸ் அதை இங்கே கொண்டுவந்தபோது டிரம் போட்டுவிட்டார்கள். அந்த வளைவுகளில் பிரேக்கை மட்டும் நம்பி இறங்க முடியாது.

இனி கார்புரேட்டர். உன் வண்டி வருஷக்கணக்கில் ஷெட்டில் நின்றிருக்கிறது. அடிக்கிண்ணத்தில் தேங்கிய பெட்ரோல் ஆவியாகிப் போய், மிச்சம் பழுப்புப் பசையாக உறைந்திருக்கும். கிண்ணத்தைத் திறந்தால் புளித்த வாடை வரும். இப்போது பங்கில் கிடைக்கிற பெட்ரோலில் எத்தனால் 20 சதவீதம் வரைக்கும் கலந்திருக்கிறார்கள். எத்தனால் காற்றிலிருக்கிற ஈரத்தை இழுக்கும். நின்ற வண்டியில் தண்ணீர் பிரிந்து அடியில் தங்கி, உலோகத்தில் வெள்ளையாகப் பொடி பூக்கும். எத்தனாலுக்கென்று செய்யாத பழைய ரப்பரையும் அது உப்ப வைக்கும். இத்தனை இருந்தாலும் மிக்குனி கார்புரேட்டரின் உடம்பு சீக்கிரம் கெடாது. கெடுவதெல்லாம் ஓ-ரிங், கேஸ்கட், கிண்ணத்தில் மிதக்கிற ஃப்ளோட் ஏறும்போது பெட்ரோலை அடைக்கிற ஃப்ளோட் நீடில், சோக்கின் அடியில் இருக்கிற ரப்பர் மாதிரிச் சின்னச் சாமான்கள்தான். அவற்றை மாற்றிவிட்டு நன்றாகக் கழுவினால் பழையதே புதுசைவிட நன்றாக வேலை செய்யும். டூப்ளிகேட்டில் ஜெட்டின் மேல் நம்பர் சரியாகப் பொறித்திருப்பார்கள், துளை மட்டும் அந்த அளவில் இருக்காது. இரண்டு சிலிண்டர் வண்டியில் இரண்டு பக்கமும் ஒரே அளவில் பெட்ரோல் போகாவிட்டால் எத்தனை டியூன் பண்ணியும் பிரயோஜனமில்லை.

கழற்றும்போது அவசரம் வேண்டாம். கிண்ணத்தின் ஸ்டார் ஸ்க்ரூக்கள் ஜப்பான் அளவு. நம் ஊர் ஸ்க்ரூ டிரைவர் அதில் முழுசாக உட்காராமல் நழுவி, தலையை வழித்துவிடும். சரியான டிரைவரை வைத்து, பின்னால் ஒரு தட்டுத் தட்டிவிட்டுத் திருகு. இடது கார்புரேட்டரின் சாமான்களை ஒரு தட்டிலும் வலதை இன்னொரு தட்டிலும் வை. கலந்துவிடக் கூடாது. ஏர் ஸ்க்ரூவைக் கழற்றும் முன், உள்ளே மெதுவாக முட்டும்வரை திருகி, எத்தனை சுற்று என்று எண்ணிக் குறித்துக்கொள். ஸ்லைடில் தொங்குகிற ஜெட் நீடிலின் கிளிப் எந்தக் காடியில் இருக்கிறது என்பதையும் குறி. எல்லாவற்றையும் போனில் படம் எடுத்து வை.

பைலட் ஜெட்டை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரும்பாலான வண்டிகள் கெட்டுப்போவது அதில்தான். அதன் துளை கால் மில்லிமீட்டர் அளவுதான் இருக்கும். வண்டி ஐடிலிங்கில் நிற்பதும், லேசாக ஆக்சிலேட்டர் திருப்பும்போது இழுப்பதும் அந்தத் துளையை நம்பித்தான். என் வண்டியை வாங்கியபோது இடது பக்கப் பைலட் ஜெட்டில் முன்பு யாரோ இரும்புக் கம்பியை விட்டுக் குடைந்திருந்தார்கள். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் துளை வட்டமாக இல்லாமல் ஒரு பக்கம் இழுபட்டு, ஓரத்தில் பிசிறு நின்றது. பித்தளை மென்மையான உலோகம். ஊசியோ கம்பியோ பட்டால் துளை பெரிதாகிவிடும், அப்புறம் அந்த ஜெட் எதற்கும் ஆகாது. பூப்பாறையில் எனக்குப் பழக்கமான மலையாளி மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். சேட்டன் ஜெட்டைத் தொடுவதற்கு முன் கிளீனரில் ஊறப் போட்டுவிட்டு வேறு வேலை பார்க்கப் போய்விடுவார். பசை தானாக இளகும்வரை காத்திருப்பார். அப்புறம் கம்ப்ரசர் காற்றை அடித்து, ஜெட்டை வானத்தைப் பார்த்துப் பிடித்துத் துளை முழு வட்டமாகத் தெரிகிறதா என்று பார்ப்பார். தெரியாவிட்டால் திரும்ப ஊறப் போடுவார். அதற்கும் மசியாவிட்டால், மின்சார ஒயரைப் பிரித்து எடுத்த ஒற்றைச் செம்பு இழையை மட்டும் உள்ளே விடுவார். அந்தப் பொறுமையைப் பார்த்துத்தான் நான் இந்த வேலையைக் கற்றுக்கொண்டேன்.

உடம்புக்குள்ளே ஓடுகிற பாதைகளும் அதே அளவு முக்கியம். ஆக்சிலேட்டரைத் திருப்பினால் மேலே ஏறுகிற ஸ்லைடு வந்து மூடுகிற இடத்துக்கு அருகே, இன்ஜின் பக்கமாக, குழாயின் தரையில் நுண்ணிய துளைகள் இருக்கும். ஏர் ஸ்க்ரூ இருக்கிற ஓட்டை வழியாகவும் பைலட் ஜெட் இருக்கிற ஓட்டை வழியாகவும் கிளீனரை அடித்தால் அந்தத் துளைகளில் பீறிட்டு வர வேண்டும். வராவிட்டால் உள்ளே அடைப்பு இருக்கிறது. கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு அடி, எந்தப் பக்கம் திரும்பி வரும் என்று சொல்ல முடியாது. பிடிவாதமான அடைப்பாக இருந்தால் நகைப் பட்டறையில் கேட்டுப் பார். நகையை அழுக்கெடுக்க அல்ட்ராசானிக் மெஷின் வைத்திருப்பார்கள். வெந்நீரில் கொஞ்சம் பாத்திரம் கழுவும் திரவம் விட்டு அதில் போட்டால், பிரஷ் போகாத மூலையிலிருந்தெல்லாம் அழுக்குப் புகையாகக் கிளம்பி வரும். அந்த மெஷினில் பெட்ரோலையோ தின்னரையோ ஊற்றவே கூடாது, தீப்பிடிக்கும். எலுமிச்சைச் சாற்றில் வேகவைக்கச் சொல்வார்கள். நான் செய்ய மாட்டேன். அமிலம் அழுக்கோடு உலோகத்தையும் சேர்த்துத் தின்னும்.

இந்த வண்டியில் இன்னொரு சங்கதி உண்டு. சோக்கு இடது கார்புரேட்டரில் மட்டும்தான். அங்கிருந்து ஒரு சின்ன ரப்பர் குழாய் வழியாகத்தான் வலது பக்கத்துக்குப் போகிறது. அந்தக் குழாய் வெடித்திருந்தாலோ கழன்றிருந்தாலோ, காலையில் ஸ்டார்ட் ஆவது கஷ்டம், காற்றும் உள்ளே திருட்டுத்தனமாக ஏறும். விரலில் வளைத்துப் பார்த்தால் வெடிப்பு தெரிந்துவிடும். கார்புரேட்டரை இன்ஜினோடு சேர்க்கிற ரப்பரையும் அப்படியே பார். மாட்டிய பிறகு ஐடிலிங்கில் அந்த ரப்பரைச் சுற்றி WD-40 மாதிரி ஏதாவது எண்ணெய் ஸ்ப்ரேயை லேசாக அடி. இன்ஜின் சத்தம் மாறினால் அங்கே ஏர் லீக் இருக்கிறது என்று அர்த்தம்.

திரும்ப மாட்டும்போது இரண்டு ஃப்ளோட்டின் உயரமும் ஒன்றாக இருக்க வேண்டும். கார்புரேட்டரைத் தலைகீழாகப் பிடித்து, ஃப்ளோட் நீடிலின் ஸ்பிரிங் அமுங்காமல் ஃப்ளோட்டின் நாக்கு அதைத் தொட்டும் தொடாமலும் நிற்கிற நிலையில் அளந்து பார். வித்தியாசம் இருந்தால் அந்தப் பித்தளை நாக்கை மயிரிழை வளைத்தால் போதும்.

அப்புறம் இரண்டையும் ஒன்றாக மூச்சுவிட வைக்க வேண்டும். ஏர் ஃபில்டர் ரப்பரைக் கழற்றிவிட்டு, இரண்டு ஸ்லைடின் மேலும் ஒவ்வொரு விரலை வைத்துக்கொண்டு, மருமகனை விட்டு ஆக்சிலேட்டரை மெல்லத் திருப்பச் சொல். இரண்டும் ஒரே நொடியில் கிளம்ப வேண்டும், முழுசாகத் திருப்பினால் இரண்டும் துவாரத்தை விட்டு முற்றிலும் மேலே ஏறிவிட வேண்டும். ஒன்று முந்தினால் கேபிள் அட்ஜஸ்டரில் சரிபண்ணு. ஹேண்டிலை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்க்காமல் முடித்துவிடாதே. கேபிள் இழுபட்டு ரேஸ் ஏறினால் ரோட்டில் ஆபத்து.

ஏர் ஸ்க்ரூவை ஒன்றரைச் சுற்று வெளியே வைத்து ஆரம்பி. இந்தக் கார்புரேட்டரில் ஸ்க்ரூ காற்றைத்தான் கட்டுப்படுத்துகிறது. வெளியே திருகினால் காற்று கூடும், உள்ளே திருகினால் பெட்ரோல் கூடும். வண்டி நன்றாகச் சூடான பிறகு ஒவ்வொரு சிலிண்டராகச் சத்தத்தைக் கேட்டு, எங்கே சீராகவும் வேகமாகவும் சுற்றுகிறதோ அங்கே நிறுத்து. கடைசியாக ஒரு நீண்ட ஓட்டம் போய்விட்டு வந்து இரண்டு பிளக்கையும் கழற்றிப் பார். இரண்டும் ஒரே பழுப்பில் இருந்தால் வேலை முடிந்தது. ஒன்று வெளுத்திருந்தால் மலைக்குக் கிளம்பாதே, எனக்குப் போன் பண்ணு.

டேங்க்கைச் சொல்ல விட்டுவிடக் கூடாது. உள்ளே துரு இருந்தால் நீ செய்த வேலையெல்லாம் இரண்டு வாரத்தில் வீணாகிவிடும். பெட்ரோல் டேப்பின் வலையை முதலில் கழற்றிப் பார், துருத்தூள் இருந்தால் டேங்க்கைக் கழுவிவிட்டுத்தான் கார்புரேட்டரை மாட்ட வேண்டும்.

உன் அப்பா அந்த வண்டியை எடுத்த நாளிலிருந்து எனக்கு அதன் சத்தம் தெரியும். அதில் இருக்கிற கார்புரேட்டர்கள் தொழிற்சாலையில் மாட்டியவை. காசு கொடுத்தாலும் அந்தத் தரத்தில் இன்றைக்குக் கிடைப்பது கஷ்டம். அதனால்தான் இத்தனை நீளமாக எழுதுகிறேன். தனியாகச் செய்யத் தயக்கமாக இருந்தால் கார்புரேட்டர் இரண்டையும் மட்டும் கழற்றி ஒரு டப்பாவில் போட்டு எடுத்துக்கொண்டு ரயிலில் வா. இங்கே என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சேர்ந்து செய்வோம், சேட்டனையும் கூப்பிட்டுக்கொள்ளலாம். எப்படியானாலும் கழற்றியதும் மெயின் ஜெட், பைலட் ஜெட் நம்பர்களை இரண்டு பக்கமும் பார்த்து எனக்கு அனுப்பு. ஃப்ளோட் நீடிலும் ஓ-ரிங்கும் எது வேண்டும் என்று தெரிந்தால் சேட்டனிடம் சொல்லி முன்கூட்டியே வரவழைத்து வைக்கிறேன்.

சாரல் நிற்கிறவரை போடிமெட்டில் மூடுபனி அதிகம், எதிரே வருகிற ஜீப் தெரியாது. தீபாவளி கழித்து வந்தால் நல்லது. தங்கச்சியைக் கேட்டதாகச் சொல். இந்த வருஷத்துப் புது ஏலக்காய் கொஞ்சம் அம்மா எடுத்து வைத்திருக்கிறாள், பார்சலில் அனுப்புகிறேன்.

அன்புடன்,
உன் மச்சான்