‘இவர்கள் இப்படித்தான்’ என்று சொல்வதற்கு முன்: மனநல மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மனநல மருத்துவர்களுக்கு,

வணக்கம். நான் அறிவுத்திறன் குறைபாடு உள்ள பெரியவர்களுக்குப் பயிற்சி தரும் சிறப்பு ஆசிரியர். அவர்களில் ஒருவர் தூக்கம் கெட்டு, தட்டைத் தள்ளிவிட்டு, தன் கையையே கடிக்கத் தொடங்கும்போது குடும்பத்தினர் உங்களிடம்தான் ஓடி வருகிறார்கள். பல நேரம் அவர்களுக்குக் கிடைக்கும் பதில், “இந்தக் குறைபாடு இருந்தால் இதெல்லாம் இருக்கத்தான் செய்யும்” என்பது.

குறைபாடு சிறுவயதிலிருந்தே இருக்கிறது. கையைக் கடிப்பது போன மாதம்தான் வந்தது. அப்படியானால் போன மாதம் என்ன நடந்தது என்று கேட்க வேண்டாமா?

இது புதிய புகார் இல்லை. அமெரிக்க உளவியலாளர் ஸ்டீவன் ரைஸும் அவருடைய சகாக்களும் 1982-லேயே இதை ஆய்வில் காட்டினார்கள். ஒரே அறிகுறிகளை விவரித்துவிட்டு, ‘இவருக்கு அறிவுத்திறன் குறைபாடு’ என்று சேர்த்துச் சொன்னதும், உளவியலாளர்கள் மனநலச் சிக்கலை அடையாளம் காண்பது குறைந்துவிட்டது. ஆனால் சிக்கல் அரிதானதா? 2007-இல் வெளியான கிளாஸ்கோ ஆய்வு இந்தக் குறைபாடுள்ள 1,023 பெரியவர்களைப் பரிசோதித்தது. நடத்தைச் சிக்கல்களையும் சேர்த்தால் பத்தில் நான்கு பேருக்கு ஏதோ ஒரு மனநலப் பாதிப்பு. அவற்றை விட்டுவிட்டாலும் நான்கில் ஒருவருக்கு மேல்.

மனச்சோர்வு இவர்களிடம் ‘மனசு சரியில்லை’ என்ற வார்த்தையாக வராமல் போகலாம். எரிச்சலாக வரும், நேற்றுவரை தானே சட்டை போட்டவர் இன்று போடத் தெரியாமல் நிற்பதாக வரும். துக்கமும் அப்படித்தான். அப்பா இறந்ததை ‘இவனுக்குப் புரியாது’ என்று சொல்லாமலே மறைத்துவிடுவார்கள், இறுதிச் சடங்குக்கும் அழைத்துப் போக மாட்டார்கள். மாதங்கள் கழித்து அந்த மகன் பொருட்களை உடைக்கத் தொடங்குவார். அதற்குள் அந்த மரணத்தையும் இந்தக் கோபத்தையும் யாரும் சேர்த்துப் பார்ப்பதில்லை. நாள்தோறும் குளிப்பாட்டி, கூடவே இருந்த பராமரிப்பாளர் வேலையை விட்டுப் போவதும் அவருக்கு ஓர் இழப்புதான்.

உடம்பையும் பாருங்கள். பல்வலி, மலச்சிக்கல், காதுவலி எதுவும் சொல்லத் தெரியாத வலியாக இருந்து அடிதடியாக வெளிப்படலாம். டவுன் சிண்ட்ரோம் உள்ளவர் மந்தமாகிவிட்டால் தைராய்டு குறைந்திருக்கலாம், நடு வயதிலேயே அல்சைமர் தொடங்கியிருக்கலாம். தனக்குத்தானே பேசிக்கொள்வது அவர்களில் பலருக்கு இயல்பு. அதை மட்டும் வைத்து மனப்பிறழ்வு (நிஜத்தை உணர முடியாமல் போகும் மனநோய்) என்று முடிவு கட்ட முடியாது.

அப்புறம், மருந்து. பிரிட்டனில் அறிவுத்திறன் குறைபாடுள்ள 33,000-க்கும் மேற்பட்டவர்களின் மருத்துவப் பதிவுகளை ஆராய்ந்து 2015-இல் வெளியான ஆய்வில், ஆன்டிசைக்கோட்டிக், அதாவது மனப்பிறழ்வுக்கான மருந்து எடுத்தவர்களில் 71 சதவீதம் பேருக்குக் கடுமையான மனநோய் இருந்ததாகப் பதிவே இல்லை. ஆக்ரோஷமாக நடந்துகொண்ட 86 பேரிடம் நடந்த இன்னொரு சோதனை 2008-இல் வெளியானது. ரிஸ்பெரிடோன், ஹாலோபெரிடால் என்ற இரண்டு ஆன்டிசைக்கோட்டிக் மருந்துகள், மருந்தே இல்லாத வெற்று மாத்திரை மூன்றையும் ஒப்பிட்டார்கள். ஆக்ரோஷம் மூன்று குழுவிலும் குறைந்தது; அதிகம் குறைந்தது வெற்று மாத்திரைக் குழுவில்.

மருந்தே கூடாது என்று நான் சொல்லவில்லை. உண்மையான மனநோய்க்கு மருந்து வேண்டும், இவர்களுக்கும் அது மறுக்கப்படக் கூடாது. எடுத்துவரும் மருந்தைக் குடும்பங்கள் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து. ஆனால் எதற்காக இந்த மாத்திரை, எப்போது மறுபரிசீலனை என்பதைச் சீட்டிலேயே எழுதுங்கள். மருந்தின் பக்கவிளைவாக உடம்பு இறுகுகிறது, நடுங்குகிறது என்று சொல்ல அவருக்கு வார்த்தை இல்லை. அடங்கிக் கிடப்பதைப் பார்த்து எல்லோரும் முன்னேற்றம் என்று எழுதிவிடுகிறோம்.

முதலில் அவரிடமே பேசுங்கள். சின்ன வாக்கியங்களில், தேவைப்பட்டால் படங்களைக் காட்டி, பதிலுக்குக் காத்திருந்து. அதன் பிறகு எங்களிடம் கேளுங்கள். தூக்கம், சாப்பாடு, எடை, வீட்டில் நடந்த மாற்றங்கள் எல்லாவற்றையும் தேதியோடு குறித்துக் கொண்டுவருகிறோம். அதைப் படிக்க வழக்கமான நேரம் போதாது. இவர்களுக்கு நீண்ட சந்திப்பு நேரம் ஒதுக்கும்படி உங்கள் மருத்துவமனை நிர்வாகத்திடம் நீங்கள் கேட்டால் கிடைக்கும். நாங்கள் கேட்டால் கிடைப்பதில்லை.

இப்படிக்கு,
ஒரு சிறப்பு ஆசிரியர்